மயில் பார்டர் வெளியே போன வழி

“தூ! சோறு போட்ட எடத்துலயே கை வெச்சிட்டியேடா!”

பட்டுப்புடவைக் கடை முதலாளி அப்பாதுரை துப்பிய எச்சில் வசந்தின் சட்டையில் தெறித்தது. அவன் அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

கார்த்திகை முகூர்த்தங்களுக்காக அவன் கம்ப்யூட்டரில் வரைந்த மயில் பார்டர், தறியில் ஏறுவதற்கு முன்பே எதிர்க்கடையில் பிரிண்ட் புடவையாகத் தொங்கியது. கம்ப்யூட்டர் இருந்ததோ அப்பாதுரையின் வீட்டு முன்னறையில். அதைத் தொடுகிறவன் வசந்த் ஒருவன்தான், ஆகவே அவன்தான் திருடன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவனைப் பெற்றவர்களையும் இழுத்து, நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்.

“சத்தியமா நான் குடுக்கல மொதலாளி. திருட்டுப் பட்டம் கட்டிட்டா இந்த ஊர்ல எனக்கு எவன் வேலை குடுப்பான்?”

“வேலை எதுக்கு? ஜெயில்ல களி குடுப்பான், துன்னுக்கினு இரு! ராம்ப்ரஸாத், இவன் அனுப்பினத எடுத்துக் காட்டுப்பா. ஸ்டேஷன்ல குடுக்கணும்.”

ராம்ப்ரஸாத் சின்ன காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர். அரை மணி நேரம் திரையைக் குடைந்துவிட்டு நிமிர்ந்தார்.

“இங்கேருந்து யாரும் அனுப்பலை சார். இன்டர்நெட் வழியா வெளி ஆள் உள்ளே பூந்து எடுத்திருக்கான். ஒரு மாசமா வந்து போயிண்டிருக்கான்.”

“அதெப்படி வருவான்? அதுக்குத்தானே உன்கிட்ட ஃபயர்வால் பெட்டி வாங்கினேன்? அது இந்த வீட்ல இருக்குற வரைக்கும் ஒருத்தனும் உள்ள வரமுடியாதுன்னு சொன்னியே! போலிய என் தலையில கட்டிட்டியா? ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க. தூ!”

ராம்ப்ரஸாத்தின் முகம் சுண்டிப்போனது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். மோடத்திலிருந்து கிளம்பிய ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது. நடுவில் இருக்கவேண்டிய பெட்டியைக் காணோம்.

“ஃபயர்வால் பெட்டி எங்கே சார்?”

அப்பாதுரை அவரைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஆயுதபூஜை அன்னிக்கி நானே கழட்டி, பொட்டு வெச்சு, சாமி ரூம்ல வெச்சிருக்கேன், அத மறுபடி கால் படற எடத்துல வெப்பாங்களா?”