நாற்பத்தொன்றில் நிற்கிறது

“அண்ணி, அந்த மேசைய இன்னிக்கே எடுத்துடலாம். ஆளக் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்.”

கதவு திறந்ததுமே சொல்லிவிட்டான் ஹஸ்ஸான். அவனுக்குப் பின்னால், அரியலூரில் ஸ்னூக்கர் கிளப் நடத்தும் தங்கசாமி அளவு நாடாவைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார்.

மாடியிலிருந்து அவசரமாக இறங்கி வந்ததில் மர்ஜியாவுக்கு மூச்சு வாங்கியது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கணவரின் தம்பிக்கும் வந்தவருக்கும் நாற்காலிகளைக் காட்டினாள். தான் மட்டும் உட்காரவில்லை. மாடிப்படிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“எந்த மேசைய?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. மேல கெடக்குதே, பந்து உருட்டுற மேசை. வெள்ளிக்கெழம ஃபைஸாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. மாடியக் காட்டாம இருக்க முடியுமா? இது வூடா, கிளப்பான்னு கேக்க மாட்டாங்க?”

“கேட்டா பதில் சொல்லிக்கலாம்.”

“என்னன்னு சொல்லுவீங்க? குவைத்துலேருந்து திரும்புனவங்கள்லாம் கடை வச்சிருக்காங்க, வயல் வாங்கியிருக்காங்க. நம்ம வூட்டுல மட்டும் காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சா மத்தியானம் லுஹர் பாங்கு வரைக்கும் டொக்கு டொக்குன்னு சத்தம். லப்பைக்குடிக்காட்டுல அத கேக்காத காது இல்ல. பேரன் எடுக்குற வயசுல இது தேவையா?”

“வயசுக்கு என்ன? கண்ணு நல்லாத் தெரியுது. கையும் நடுங்கல.”

ஹஸ்ஸான் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு காதைத் தீட்டினான். மேலே மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது.

“இன்னிக்கு என்ன, சத்தத்தயே காணோம்?”

“நீ பெல் அடிச்சதுல நின்னுபோச்சு.”

“அப்ப அண்ணன் மேலதான் இருக்காரு.”

“இருக்காரு.”

“அவரு எறங்கி வர மாட்டாரு, எனக்குத் தெரியும். போன வாரம் பள்ளிவாசல்ல வச்சுக் கேட்டேன். ‘எங்கிட்ட ஏன்டா கேக்குற? உங்க அண்ணிகிட்ட கேளு. அவ சரின்னா எடுத்துட்டுப் போ’ன்னுட்டாரு. பொண்டாட்டிக்குப் பயந்த மனுசன். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“சொல்லிடறேன். குடுக்க முடியாது.”

தங்கசாமி தொண்டையைச் செருமினார்.

“ஆட்டம் எதுவரைக்கும் வந்திருக்குங்க?”

மர்ஜியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மேசை வந்த இந்த மூன்று வருடத்தில் வெளியாள் ஒருவர் அதைக் கேட்பது இதுதான் முதல் முறை.

“ஆரம்பத்துல அடுத்தடுத்து ரெண்டு பந்து குழியில விழாதுங்க. பத்து பாயிண்ட் வர்றதுக்கே ஆறு மாசம் ஆச்சு. இருபது விழுந்தப்ப ஃபைஸா காலேஜ் கடைசி வருஷம். முப்பது, போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள். ஒரு அடிகூடத் தவறாம ஒரே மூச்சுல அம்பது எடுக்கணும். அதுதான் ஆசை.”

“இப்ப?”

“நாப்பத்தொண்ணுல நிக்குது.”

“இதுவரைக்கும் எடுத்ததுலயே அதுதான் அதிகமா?”

“இன்னிக்குங்க. இந்த நிமிசம். பந்தெல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு. இன்னும் ஒம்பதுதான் வேணும். அதுக்குள்ள நீங்க பெல் அடிச்சிட்டீங்க.”

தங்கசாமி எழுந்தே விட்டார். “நாப்பத்தொண்ணா! எங்க கிளப்புல அம்பது தாண்டுனவங்க மூணே பேருதாங்க.”

“அவங்களுக்கு என்ன வயசு?”

“இருபது, இருபத்திரெண்டு இருக்கும்.”

“இங்க அதவிட ரெண்டு மடங்குக்கு மேல” என்றாள் மர்ஜியா, நிமிர்ந்து.

“நல்லாருக்கு அண்ணி!” ஹஸ்ஸானின் குரல் உயர்ந்தது. “வேற எந்தப் பொம்பளையா இருந்தாலும் எப்பவோ அந்த மேசைய வெட்டி அடுப்புல வச்சிருப்பா. நீங்க என்னடான்னா பாயிண்ட்ட எண்ணிச் சொல்றீங்க.”

“எண்ணத்தான் செய்வேன். கேளு ஹஸ்ஸான். எம்மவன் பிலாலுக்கு வேலை, ஃபைஸாவுக்குப் படிப்பு, உனக்குக் கடைன்னு எல்லாருக்காகவும் ஓடி முடிச்சாச்சு. அதுக்கப்புறம் ஒரு ஆளு தனக்குன்னு ஒரே ஒரு ஆசை வச்சா உங்களுக்குப் பொறுக்கலையா? இது என்ன சூதாட்டமா? யாரு குடிய கெடுத்துச்சு?”

“வெள்ளிக்கெழம வர்றவங்க…”

“வரட்டும். மாடிக்கே கூட்டிட்டுப் போறேன். மேசையப் பாத்துட்டு இந்தச் சம்பந்தம் வேணாம்னா தாராளமா போகட்டும். ஒளிச்சு வச்சு எம்பொண்ணக் கட்டிக் குடுக்க மாட்டேன்.”

ஹஸ்ஸான் சட்டென எழுந்தான்.

“உங்ககிட்டப் பேசிப் பிரயோசனம் இல்ல. நான் அண்ணன்கிட்டயே பேசிக்கிறேன். வாங்க தங்கசாமி.”

அவளைச் சுற்றிக்கொண்டு விடுவிடுவெனப் படியேறினான். மர்ஜியா தடுக்கவில்லை. “எதையும் தொட்டுடாதீங்க” என்றபடி அவர்களுக்குப் பின்னாலேயே ஏறினாள்.

நீண்ட கூடத்தின் நடுவே விளக்கு வெளிச்சத்தில் பச்சை மேசை. அதன்மேல் பந்துகள் சிதறிக் கிடந்தன. மூலையில் முக்காலியில் நிஜாமுதீன் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, இந்த வயசுல உங்களுக்கு…” என்று ஆரம்பித்தான் ஹஸ்ஸான்.

நிஜாமுதீன் உதட்டில் விரலை வைத்தார். எழுந்து வந்து தம்பியின் தோளைப் பிடித்து, மேசையில் இடித்துவிடாமல் பக்குவமாகச் சுவரோரம் நகர்த்தினார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுடா” என்றார் தணிந்த குரலில். “உங்க அண்ணி அடிக்கணும்.”