மூடி திறக்காத கம்ப்யூட்டர்

கல்மண்டபம் வட்டாரத்தில் அறிவியல் யுகம் தன் வீட்டு நடு அறையில்தான் பிறக்கப்போகிறது என்று ஜெரால்டு அறிவித்திருந்தான். ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய பழைய பாகங்களைப் பூட்டி அவனே ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தான். அவன் அம்மா பிலோமினா கிரைண்டரைப் போடும் முன் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவாள்.

"அது இன்னா மாதா சொரூபமா? மெஷினுக்குக் கரண்ட் போதும்மா, முத்தம் வாணாம்" என்று தெருவே கேட்கச் சிரித்தான்.

அன்று மாலை அவனுக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல். எல்லாம் பூட்டியாயிற்று. பிராசஸர் மட்டும் கூரியர் ஆபீசில் கிடந்தது. ஓடிப்போய் வாங்கி வந்தால், அம்மா கம்ப்யூட்டரில் திருப்பலிப் பூசை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டிம்மா ஆன் பண்ணே?"

"பட்டன அமுக்கினேன், வந்துச்சி."

"அதுக்கு இன்னும் மூளையே வைக்கலம்மா!"

"ஏன், மூளை இல்லாம நீ ஓடல?"

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினான். பிராசஸர் உட்கார வேண்டிய இடத்தில் கடைக்காரர் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. தூக்கிப் பார்த்தான். உள்ளே காலி. திரையில் பூசை நடந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். வந்தது.

புதுப் பிராசஸரை அருகே கொண்டுபோனான். திரை மங்கியது. விலக்கினான். வெளிச்சம் திரும்பியது.

நேர்காணலுக்கு நேரமாகிவிட்டது. பிராசஸரை அது வந்த கூரியர் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தான். தகட்டை மூடினான். அம்மா அடுக்களைக்குள் போகும்வரை காத்திருந்து, கம்ப்யூட்டரைத் தொட்டு விரலை முத்தமிட்டான்.