இரண்டு எச்

வக்கீல் பொற்கொடியின் மடிக்கணினியில் எச் விசை கூனிக்குறுகி இருந்தது. விடுதலை மனுக் கோப்பைக் காணவில்லை. நான்கு மணிக்குள் அனுப்பாவிட்டால், சிறையில் இருப்பவர் வீடு திரும்ப இன்னும் ஒரு வாரம் ஆகும்.

'விடுதலை' என்பதை ஆங்கில எழுத்தில் எச் சேர்த்தும், சேர்க்காமலும் அடித்துப் பார்த்துவிட்டாள். அகப்படவில்லை.

"என் தப்புதான்," என்றது எச். "அன்னைக்கு இந்தக் கோப்புக்குப் பேர் வைக்கும்போது அவசரத்துல ரெண்டு தடவை அழுந்திட்டேன்."

"அழாதே," என்றது கன்ட்ரோல் விசை. "நேத்து என்னையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் தேடல் திறக்கிற மாதிரி ஒரு குறுக்குவழி எழுதினாள். அதுக்கு முழுப் பேர் வேண்டாம், நடுநடுவே எழுத்தை விட்டு அரைகுறையாச் சொன்னாலே போதும்."

சொல்லும்போதே பொற்கொடி இரண்டையும் அழுத்தினாள். வி, டி, எல் என்று மூன்றே எழுத்து அடித்தாள். திரையில் ஒரே பெயர் வந்தது. நடுவில் இரண்டு எச்.

"என்னை அவள் கூப்பிடவே இல்லையே!"

"கூப்பிடாமலே ரெண்டு பேராய் வந்து நிக்கிறியே, பார்."

பொற்கொடி பெயரைப் பார்த்துச் சிரித்தாள். திருத்தாமல் அப்படியே அனுப்பினாள்.