காலியாக விடக் கூடாத கட்டம்

பழைய பெயரை அழித்துவிட்டான்.

வீட்டு இன்டர்நெட் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'டொமைன் நேம்' என்ற கட்டம் காலியானது. உடனே அதற்கடியில் சிவப்பில் ஒரு வரி வந்தது. காலியாக விடக் கூடாதாம்.

இந்தக் கட்டத்தைப் பற்றி அலுவலகத்தில் நாற்பது ஸ்லைடு போட்டு இரண்டு மணி நேரம் பேசியவன் அவன். 'பெயரிடும் கொள்கை' என்று தலைப்பு. ஆள் பெயர் கூடாது. ஆசை கூடாது. பத்து வருடம் ஆனாலும் மாற்ற வேண்டிவராத பெயராக இருக்க வேண்டும். இரண்டு பேர் தூங்கினார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

அன்று மாலையே வீட்டுக்கு வந்து, பிறக்கப்போகும் மகளின் பெயரை ரவுட்டரில் வைத்தான்.

பிறக்கும்முன் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது மாமியாரின் கண்டிப்பு. இருவரும் சொல்லவில்லை. ஒருநாள் மனைவி போனில் அடித்துக் காட்டினாள். அவன் தலையாட்டினான். அவள் அழித்துவிட்டாள். அவ்வளவுதான்.

ரவுட்டருக்குள் போட்டால் யார் காதிலும் விழாது. பெரிய புத்திசாலி.

அதிலிருந்து பிரிண்டர், டிவி, இரண்டு போன், தொட்டிலுக்கு மேல் மாட்டிய கேமரா, எல்லாவற்றின் பெயருக்கும் வாலாக அந்தப் பெயர்.

பிறந்த குழந்தை அழவே இல்லை.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பெயருக்கு நேராக 'பேபி ஆஃப் செந்தாமரை' என்று இருந்தது. செந்தாமரை அவள்.

நேற்று ஏதோ பிரிண்ட் எடுக்கப் போனைத் திறந்தவள், பிரிண்டரின் பெயரைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அவன் கவனித்தான். பழுது என்று முடிவு செய்தான். பழுது பார்ப்பது அவனுக்குத் தெரிந்த வேலை.

காரணம் சொல்லாமல் அவள் அண்ணனிடம் ரவுட்டருக்கு வைக்க ஒரு பெயர் கேட்டுப் பார்த்தான். 'சாம்ராஜ்யம்' என்று வைக்கச் சொன்னார். ஒன்றரை பெட்ரூம், வாடகை, தண்ணீர் லாரியை நம்பிப் பிழைக்கும் சாம்ராஜ்யம்.

'ஹோம்' என்று அடித்தான். கொள்கைப்படி அதுதான் சரி. யாருக்கும் வலிக்காது.

காய்ந்த துணிகளை மார்போடு அணைத்தபடி அவள் பின்னால் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"வேற எங்கயுமே நாம அதை எழுதலைங்க," என்றாள்.

அவன் விரல் எண்டர் பட்டன்மேல் நின்றது.

'ஹோம்' என்பதை எழுத்தெழுத்தாக அழித்தான். சிவப்பு வரி திரும்பவும் வந்தது.

துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவனருகில் உட்கார்ந்தாள். அவன் காதுப்பக்கம் குனிந்தாள். வாய்விட்டு அந்தப் பெயரைச் சொன்னாள்.

அந்த வீட்டில் அது அன்றுதான் ஒலித்தது.

அவன் அடிக்கவில்லை. கேட்காதவன்போல் உட்கார்ந்திருந்தான்.

அவள் இன்னொரு முறை சொன்னாள்.