ஆவி தங்கினால் கண்ணாடி

தையல்காரர் கொண்டுவந்த மணிமாலையை நகைக்கடைக்காரர் விளக்கடியில் தூக்கிப் பிடிக்கிறார். "கிரிஸ்டல்னு கண்ணாடியையும் சொல்றாங்க, பாறையில வெளையற ஸ்படிகத்தையும் சொல்றாங்க. ஊதினா தெரிஞ்சிடும். ஆவி தங்கினா கண்ணாடி." கழுத்தில் அளவு நாடாவோடேயே கிளம்பி வந்திருக்கும் தையல்காரர் மேசைமேல் குனிகிறார். மனைவியின் கழுத்தில் புதிதாய்க் கிடந்த இந்த மாலை ஏது என்று கேட்டதற்கு, ரோட்டோரம் வாங்கின கண்ணாடி மணிதான் என்று அவள் காலையில் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னது இன்னும் உறுத்துகிறது. கடைக்காரர் ஹா என்று ஊதுகிறார். மணி வெளுக்கிறது. தங்கு, தங்கு என்று தையல்காரரின் விரல்கள் நாடாவை முறுக்குகின்றன. வெண்மை ஓரத்திலிருந்து சுருங்கி, இமைப்பதற்குள் காணாமல் போகிறது. மணிக்குள் விளக்கு தெளிவாக எரிகிறது. "அசல் ஸ்படிகம்!" கடைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பயப்படாதீங்கண்ணே, உங்கள யாரும் ஏமாத்தல."