நாற்பது கைத்தட்டல்கள்

தான் இசையமைக்கும் ஒரு ஃபங்க் டான்ஸ் பாட்டுக்காகத் தமயந்தி உரிமத்தோடு வாங்கிய ஒலித்தொகுப்பில் நாற்பது கைத்தட்டல்கள் இருந்தன. எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது உரிமம். தட்டியவரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. முதல் தட்டலுக்கு அடியில் மெலிதாகக் கண்ணாடி சிணுங்கியது.

"வளையலைக் கழட்டாமலே தட்டிருக்காங்க. வெட்டிரவா?" என்றார் மிக்ஸிங் செய்யும் செபாஸ்டின்.

"இருங்க சார்."

வேகத்தைக் குறைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் தட்டலில் ஏழு வளையல்கள். ஒன்பதாவதில் ஆறு. இருபதாவதில் மூன்று. முப்பத்தெட்டாவதில் ஒன்றே ஒன்று. நாற்பதாவதில் ஒன்றுமில்லை, ஆனால் எல்லாவற்றையும்விட ஓங்கித் தட்டியது அதில்தான்.

"உடைய உடையத் தட்டிருக்காங்க சார். யாருமே நிறுத்தச் சொல்லலையா?"

"சொன்னா நிறுத்துற தட்டாம்மா இது?"

தமயந்தி பேஸ் கிதாரை ஓடவிட்டு, அதன்மேல் தட்டல்களைக் கடைசியிலிருந்து முதலாவது வரை அடுக்கினாள். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. செபாஸ்டினின் கால் தன்னால் தாளம் போடத் தொடங்கியது. பாட்டு முடிந்தபோது, முகம் தெரியாத அந்தக் கைக்கு ஏழு வளையல்களும் திரும்பியிருந்தன.