விட்டுவிட்டு ஓடும் துடிப்பு

அறையில் இருப்பவர்கள் நான், என் மகள், வாசல் நிலையில் சாய்ந்து நிற்கும் கீழ்வீட்டுக்காரர், ஆக மூன்று பேர். நான்காவதாக யாரோ இருப்பது போல ஒரு சத்தம். பிற்பகல் வெயில் திரைக்கு அப்பாலேயே நிற்கிறது. மேசைமேல் மகள் தாளம் அமைக்கும் மின்னிசைப் பெட்டியில் பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து அணைகின்றன. அவற்றை யாரும் தொடவில்லை. ஐந்து அடி விழுகிறது, பிறகு ஏழு, பிறகு அடி விழவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. டம்ளரில் இருக்கும் தண்ணீர் மட்டும் அந்த விழாத அடிக்கும் நடுங்குகிறது. "பேய் ஓட்டுறீங்களான்னு எதிர்வீட்டுல கேக்குறாங்க சார்," என்கிறார் கீழ்வீட்டுக்காரர். எங்கள் குடும்பத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் குறையாக வாய் திறந்ததில்லை. "இன்னையோட இந்தப் பெட்டி வெளிய போகணும்," என்கிறேன். "போகட்டும்பா. ஒரே ஒரு தடவை உக்காந்து கேளுங்க," என்கிறாள் மகள்.

உட்காருகிறேன். முப்பது வருடம் மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தவன் நான். இப்படி விட்டுவிட்டு ஓடும் துடிப்பைத் தாளில் கண்டால் டாக்டரிடம் ஓடியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் விரல்கள் என் மணிக்கட்டையே பற்றுகின்றன. நாடி சீராக இருக்கிறது. ஆனால் கால் கட்டைவிரல் தரையைத் தட்டுகிறது. அடுத்த அடி எங்கே விழும் என்று எனக்கு முன்பே அதற்குத் தெரிந்திருக்கிறது. சத்தம் நிற்கிறது. கட்டைவிரல் நிற்கவில்லை. "சார், நெஞ்சு வலிக்குதா?" என்று கீழ்வீட்டுக்காரர் பதறுகிறார்.

எனக்கு அன்று மாரடைப்பு வந்ததாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். வரவில்லை. மகளிடம் இன்னொரு தடவை போடச் சொன்னேன்.